ஜாம் போத்தல் விளக்கும் றிப்போட் புத்தகமும்

மே 12ஆம் திகதி உலகத் தாதியர் தினம். பயிற்சி பெறும் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று, கையில் விளக்கேந்தி, உறுதிமொழி எடுப்பார்கள். வார்ட்டுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டுப் பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலேயே தாதியருக்குக் கற்பிக்கும் பணிக்கு வந்த எனக்கு, அந்த நாளையொட்டித் தாதியத் தொழிலின் வரலாற்றைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவது ஆண்டுதோறும் வந்துசேரும் கடமையாக இருந்தது. ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு போர்க்காலப் படைத் தாதியரைப் பற்றிப் பேசி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், நீங்களும் ஆமியிலேயோ வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. 2009இல் போர் முடிந்தபோது அவளுக்குப் பத்து வயதுதான் இருந்திருக்கும். கேள்வியில் குறும்பு ஒன்றும் இல்லை.

இல்லை, நான் அரசாங்க மருத்துவமனைத் தாதி, படைக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று சொல்லி வகுப்பை முடித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கிரிமியா, பிளாண்டர்ஸ் போர்க்களங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஒரு மணிநேரமும் நான் 1990களின் எங்கள் வார்ட்டைத்தான் கண்முன் வைத்துப் பேசியிருக்கிறேன். அதை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். படைத் தாதிக்குச் சீருடையில் பட்டி உண்டு, பதவி உண்டு, செத்தால் கல்லில் பெயர் உண்டு. முதலாம் உலகப் போரில் கனடாவின் தாதியர் லெப்டினன்ட் தரத்திலேயே பணியாற்றினார்கள். எங்களுக்கு மாதச் சம்பளமும் அது வந்துசேரும் நாளைப் பற்றிய நிச்சயமின்மையும் இருந்தன. இந்த வேறுபாடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையை மட்டும் பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிரிமியப் போரில் துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனையில் நடந்ததற்கும் எங்கள் விறாந்தையில் நடந்ததற்கும் இடையில் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தூரமே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

விளக்கிலிருந்தே தொடங்கலாம். எங்கள் விழாக்களில் பிள்ளைகள் ஏந்தும் விளக்கு, அலாவுதீன் கதையில் வருவது போன்ற கிண்ண விளக்கு. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் படங்கள் பலவற்றிலும் அதையே வரைந்திருப்பார்கள். உண்மையில் ஸ்குட்டாரியில் அவர் கையில் இருந்தது துருக்கியர் அன்றாடம் பயன்படுத்திய மடிப்பு விளக்கு. மடிப்பு மடிப்பான உறைக்குள் மெழுகுதிரியை நிறுத்தி, வேலை முடிந்ததும் தட்டையாக மடக்கி வைத்துவிடலாம். உறுதிமொழியும் அவர் எழுதியதன்று. 1893இல் அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரில் வேறொருவர் தலைமையில் இயற்றப்பட்டது. இவற்றைச் சொல்லும்போது விழா ஏற்பாட்டாளர்களின் முகம் சற்று வாடும். நான் சொல்லாமல் விட்டதில்லை.

எங்கள் விளக்கு ஜாம் போத்தல் விளக்கு. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்போல ஆனது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியை நிறுத்திக் கொளுத்தினால், போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பாகிவிடும். ஒரு கரண்டி எண்ணெயில் நெடுநேரம் எரியும். மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அதன் டீசல் அறுவைத் தியேட்டருக்கும் இரத்தவங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்கும் என்று அளந்து வைக்கப்பட்டிருந்தது. வார்ட்டில் இரவு வேலைக்கு டிரெசிங் வண்டியின் மேல்தட்டில் ஒரு போத்தல், மேசையில் ஒரு போத்தல், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் நாளத்தைக் கண்ணால் தேடுவது வீண். விரல் நுனியால் தேடப் பழகினோம். இன்றும் நோயாளியின் கையைப் பிடித்தால் என் கண் தானாக மூடிக்கொள்கிறது. இது கேலிக்குரிய பழக்கம் என்று என்னுடன் பணிபுரிந்த இளம் தாதியர் நினைத்திருக்கலாம்.

விளக்கோடு புண்பட்டவர்களிடையே நடந்தவர்களைத் தேடக் கடல்கடந்துதான் போகவேண்டும் என்பதில்லை. நெடுநல்வாடையில், வாடைக்காற்று வீசும்தோறும் பாசறையின் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்ந்து எரிய, நள்ளிரவிலும் உறங்காத அரசன் சிலரோடு நடந்துபோய்ப் புண்பட்ட வீரரைப் பார்க்கிறான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது அரசனின் பரிவைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தாதியான பிறகுதான், அந்தப் பாசறையில் கட்டுகளை அவிழ்த்துக் கழுவிக் கட்டியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. அவர் அந்தக் காட்சியில் இல்லை. விளக்கு வெளிச்சம் அரசன் மீது விழுகிறது, வேம்பு கட்டிய வேலோடு முன்னே நடந்து புண்பட்டவரைக் காட்டிச் செல்பவன் மீது விழுகிறது; துணி தோய்த்தவர் இருட்டிலேயே நிற்கிறார்.

நைற்றிங்கேலின் கதையிலும் வெளிச்சம் விழவேண்டிய இடம் துணி தோய்க்கும் இடம்தான் என்று நான் கருதுகிறேன். 1854 நவம்பர் 4ஆம் திகதி, இன்கர்மன் போருக்கு முதல்நாள், 38 பெண்களோடு அவர் ஸ்குட்டாரி பாசறை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே படையினரைக் கொன்றுகொண்டிருந்தவை வயிற்றோட்டம், கொலரா, தைபஸ் காய்ச்சல் போன்றவை. குண்டுக் காயம் பின்வரிசையிலேயே நின்றது. அவர் முதலில் கேட்டவற்றில் தரை தேய்க்கும் தூரிகைகள் அடங்கும். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன்கள் வைத்து, படையினரின் மனைவிமாரை வேலைக்கு அமர்த்திச் சலவைச்சாலை ஒன்றை நடத்தினார். அப்படியிருந்தும் 1855 பெப்ரவரியில் மருத்துவமனை இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 42 ஆக உயர்ந்தது. மார்ச்சில் இலண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்துக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, நீர்வரும் வழியில் கிடந்த விலங்குப் பிணத்தை அகற்றி, காற்றோட்டத்தைச் சீர்செய்த பின்னரே, ஜூன் அளவில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆக இறங்கியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் பிறகு வருவது. போர் முடியும்வரை அவர் சாவுக்குக் காரணம் உணவுக் குறைவும் நோயாளிகள் தாமதமாக வந்து சேர்ந்ததும் என்றே நம்பியிருந்தார். ஊர் திரும்பியபின் வில்லியம் பார் என்ற புள்ளியியலாளரோடு அமர்ந்து எண்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான், தன் கண்காணிப்பில் இருந்த மருத்துவமனையின் அழுக்கே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது என்பது அவருக்குத் தெளிவானது. மறைக்கவில்லை, வட்ட வடிவ வரைபடங்களாக வரைந்து 1858இல் வெளியிட்டார். தன் வார்ட்டில் நடந்த சாவுகளுக்குத் தானே கணக்கெழுதிக் காட்டிய துணிவுக்கு முன் விளக்கு எம்மாத்திரம்?

எங்கள் சலவைச்சாலை வார்ட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றடி. 1991, 1992 காலப்பகுதியில் புதிய கோஸ் துணியும் பண்டேஜும் கப்பலில் வரும் வரும் என்று காத்திருந்து, வந்தபோது பாதிப்பெட்டியாக வந்தன. ஆகவே கழற்றிய பண்டேஜுகளில் கிழியாதவற்றைத் தெரிந்தெடுத்து, முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து இரத்தத்தைப் போக்கி (வெந்நீரில் போட்டால் இரத்தம் துணியோடு உறைந்துவிடும் என்பதைப் புதிதாக வந்த ஒவ்வொருவரும் ஒருமுறை பிழைவிட்டே படிப்பார்கள்), பிறகு கிடாரத்தில் விறகு வைத்து அவித்து, வெயிலில் காயப்போட்டு, மாலையில் விறாந்தையில் அமர்ந்து உருளையாகச் சுற்றுவோம். சவர்க்காரம் தட்டுப்பாடான பொருள். வீடுகளில் உடுப்புத் தோய்க்கப் பனம்பழத்தைப் பயன்படுத்தினார்கள், மருத்துவமனைக்கு அது உதவாது. பழைய வேட்டிகளையும் நூல்சேலைகளையும் ஊரவர்கள் கொண்டுவந்து தருவார்கள். ஒரு முதிய ஆசிரியை தன் கலியாணக் கூறையைத் தவிர மற்றெல்லாவற்றையும் கட்டிக் கொண்டுவந்தார். அதில் பட்டு இருந்தது. பட்டு பருத்தியைப்போல நீரை உறிஞ்சாது, எடுத்துச் செல்லுங்கள் என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

சுற்றும் வேலைக்கு ஆளில்லாதபோது நடக்கமுடிந்த நோயாளிகளும் துணைக்கிருந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். நுனியை உள்ளே மடித்து, பெருவிரலால் அழுத்தி, தளராமல் சுற்றவேண்டும்; தளர்ந்த உருளை, கட்டும்போது வழுக்கி நிலத்தில் விழுந்தால் முழு வேலையும் திரும்பக் கிணற்றடிக்குப் போய்விடும். வார்ட்டுக்குப் பொறுப்பான எங்கள் சிஸ்டர் ஒவ்வோர் உருளையையும் மேசையில் நிறுத்திப் பார்ப்பார். சாய்ந்தால் திரும்பச் சுற்றவேண்டும். செல் என்ற எறிகணை விழும் சத்தம் கேட்கும் நாட்களிலும் இந்த விதி தளரவில்லை. அப்போது எரிச்சலாக இருந்தது.

யூசோலைப் பற்றியும் சொல்லவேண்டும். பிளீச்சிங் பவுடர் பன்னிரண்டரை கிராம், போரிக் அமிலம் பன்னிரண்டரை கிராம், ஒரு லீற்றர் தண்ணீர். கலக்கி, ஊறவைத்து, வடித்தெடுத்தால் அழுகிய புண்ணைக் கழுவும் மருந்து ஆயத்தம். ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் போய்விடும் என்பதால் அவ்வப்போது புதிதாகத்தான் செய்யவேண்டும். பல ஆண்டுகள் அந்த நீச்சல்குள மணத்தோடு வாழ்ந்த பிறகு ஒரு நூலில்தான் படித்தேன், அது 1915இல் எடின்பரோவில் போர்க்காயங்களுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது என்று. எரு இட்ட வயல்களில் வெட்டிய பதுங்குகுழிகளில் சேற்றோடு வந்த காயங்கள் ஓரிரு நாளில் அழுகி வாயுக் கசிவோடு நாறியபோது, விலைகுறைந்த, எங்கும் கிடைக்கும் ஒன்று தேவைப்பட்டது. எங்களுக்கும் அதே காரணம்தான். மேல்நாடுகளில் அது புதிதாக வளரும் தசையையும் எரிக்கிறது என்று சொல்லி ஒவ்வோர் இடமாகக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் நாங்கள் அதைப் போத்தல் போத்தலாக வடித்துக்கொண்டிருந்தோம். போர்க்காயத்தை உடனே தைத்து மூடக்கூடாது, இறந்த தசையை வெட்டி நீக்கித் திறந்தே வைத்து நான்கைந்து நாள் கழித்துத் தைக்கவேண்டும் என்பதும் அதே போரின் பாடம். அதை எனக்குச் சொல்லித்தந்த வெளிநாட்டு அறுவை மருத்துவர், காயத்தை அழகாகத் தைத்து மூடி அனுப்பப்பட்ட ஒரு காலைக் காட்டித்தான் சொல்லித்தந்தார். அந்தக் காலை முழங்காலுக்கு மேல் எடுக்கவேண்டி வந்தது.

கிரிமியப் போரின் மறுகரையைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அதிகம் சொல்வதில்லை. ரஷ்யத் தரப்பில், 1854 செப்டெம்பரில் அல்மா ஆற்றங்கரைப் போரின்போது, கடற்படை வீரர் ஒருவரின் அனாதை மகளான தாஷா தன் உடைமைகளை விற்று வண்டியும் குதிரையும் வாங்கி, ஆண்வேடத்தில் போர்க்களத்துக்குப் போய்க் காயங்களைக் கட்டினாள். அதே ஆண்டு எலேனா பாவ்லோவ்னா என்ற அரசகுலப் பெண் அமைத்த தாதியர் சங்கத்தை, அறுவை மருத்துவர் பிரோகோவ் செவஸ்தபோலில் வழிநடத்தினார். வரும் காயக்காரரை வந்த ஒழுங்கில் பார்க்காமல், உடனே அறுக்கவேண்டியவர், காத்திருக்கக்கூடியவர், கட்டுப்போட்டு அனுப்பக்கூடியவர், பிழைக்கமாட்டார் என்று வாசலிலேயே தரம்பிரிப்பது அவர் முறை. பிழைக்கமாட்டார் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தாதியரிடமும் பாதிரியாரிடமும் ஒப்படைத்தார்கள். முதலாம் உலகப் போரின் முன்னணி மருத்துவ முகாம்களிலும் அப்படிப்பட்டவர்களுக்கெனத் தனிக் கூடாரம் இருந்தது. அங்கேயும் தாதிதான் நின்றாள்.

தரம்பிரித்தல் என்பதைப் பாடமாகக் கற்பிப்பது சுலபம். 1992இல் ஒரு பிற்பகல், சந்தைப்பக்கம் செல் விழுந்து, அரைமணி நேரத்துக்குள் இருபதுக்கு மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். லாண்ட்மாஸ்டரில், வானில், சைக்கிள் கரியரில். மருத்துவர் இருவரும் தியேட்டருக்குள். விறாந்தையில் நானும் இன்னொரு தாதியும் அற்றென்டன் அம்மா ஒருவரும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கை கிழிந்து வீட்டுக்கூரை அதிர அலறினான். நான் அவனிடம் ஓடினேன். தூணோரம் சாய்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர், நான் கடந்துபோகும்போது, "எனக்கு ஒண்டுமில்லை மிஸ்ஸி, பிள்ளையளைப் பாருங்கோ, கொஞ்சம் தண்ணி மட்டும் தாங்கோ" என்றார். இடப்பக்க விலாவின் கீழே சட்டையில் ஒரு சிறு துளை, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு இரத்தக் கறை. நான் அவர் சொன்னதை நம்பினேன். சிறுவனின் கையைக் கட்டி, அடுத்தவரைப் பார்த்து, மீண்டும் தூணோரம் வந்தபோது அவர் உதடு வெளுத்து, கை சில்லிட்டு, நாடி விரலுக்கு எட்டாமல் போயிருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே இரத்தம் போயிருக்கிறது. தியேட்டர் வாசலைத் தாண்டவில்லை.

அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது, தண்ணீர் கேட்டுப் பேசாமல் இருப்பவரிடம் முதலில் போ என்பது எந்தப் பழைய தாதியும் சொல்லும் வாய்ப்பாடு. எனக்கும் பயிற்சியில் சொல்லப்பட்டதுதான். சிறுவனின் அலறல் என் காதை ஆண்டுவிட்டது. அதன்பின் பத்து விநாடி ஒருவருக்கு என்று வரிசையில் எல்லோருடைய மணிக்கட்டையும் தொட்டு, நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே முதல் கட்டை எடுத்தேன். அந்தப் பெண்ணோடு கடைசிவரை இருந்தவர் அற்றென்டன் அம்மா. பிரோகோவின் தாதியர் செய்ததைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு அவர் முகம்தான் வரும்; அவருக்குத் தாதியப் பயிற்சி ஒன்றும் கிடையாது, கையைப் பிடித்துக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தார்.

செஞ்சிலுவைக் கொடி பாதுகாக்கும் என்ற நம்பிக்கை 1864 ஜெனிவா உடன்படிக்கையோடு பிறந்தது. அந்த நம்பிக்கையோடு வேலைசெய்து இறந்த படைத் தாதியரின் பட்டியல் நீளமானது. பெல்ஜியத்தின் பிரான்டூக் முகாமில் 1917 ஆகஸ்ட் 21ஆம் திகதி செல் துண்டுபட்டு இறந்த நெலி ஸ்பிண்ட்லர், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களின் கல்லறைகளுக்கு நடுவே தனியொரு பெண்ணாகப் புதைக்கப்பட்டிருக்கிறார். 1918 ஜூன் 27ஆம் திகதி விளக்கெரிய, சிலுவை தெரிய வந்த கனடாவின் மருத்துவக் கப்பல் லாண்டோவரி காசில் டொர்பிடோவால் தாக்கப்பட்டபோது அதிலிருந்த 14 தாதியரும் இறந்தார்கள். நம் கடலும் விலக்கல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியபோது, வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைக் கடலிலிருந்து எடுத்தது. 1944 பெப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பல் மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூன்று நிமிடத்துக்குள் மூழ்கியது. இறந்த 1297 பேரில் 77 பேர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் படைத் தாதியர். கொழும்பில் இறங்கியிருந்தால் இலங்கையின் வார்ட்டுகளில் நின்றிருக்கக்கூடியவர்கள்.

சிங்கப்பூர் விழும் தறுவாயில் வைனர் புரூக் கப்பலில் ஏற்றப்பட்ட அவுஸ்திரேலியத் தாதியர் 65 பேர். 1942 பெப்ரவரி 14இல் கப்பல் மூழ்க, 12 பேர் கடலோடு போனார்கள். இரண்டு நாள் கழித்துப் பாங்கா தீவின் கரையில் 22 பேரைக் கடலுக்குள் நடக்கச்சொல்லிப் பின்னாலிருந்து சுட்டதில் விவியன் புல்விங்கல் ஒருவரே தப்பினார். அவரோடு சேர்த்துச் சிறைப்பட்ட 32 பேரில் 8 பேர் சிறையில் இறக்க, ஊர் திரும்பியவர்கள் 24 பேர். இந்தக் கணக்கு ஒருவர்கூடப் பிசகாமல் இருப்பதைக் கவனிக்கவேண்டும். அதே நாட்களில் சிங்கப்பூர் அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் நோயாளரும் பணியாளரும் கொல்லப்பட்டார்கள்; அங்கே எண்ணிக்கை 'சுமார்' என்ற சொல்லோடுதான் வருகிறது. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது நான் வெளியூரில் பயிற்சியில் இருந்தேன். ஆகவே அதைப் பற்றி நான் சாட்சி சொல்லமுடியாது. அங்கும் எண்ணிக்கை 'சுமார்' தான். 1989இல் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்தபோது, அதைக் கண்டவர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவதைக் கேட்டிருக்கிறேன்.

பலாலிப் படைத்தளத்திலும் மருத்துவமனை இருந்தது. புலிகள் இயக்கத்தின் மருத்துவப் பிரிவிலும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். எங்களிடமிருந்து சில மைல்களுக்கு அப்பால், வேறு வேறு சீருடைகளில், அதே வகைக் காயங்களை அவர்களும் கழுவிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பதை அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க எனக்கு மனமும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறும்படி அறிவிப்பு வந்தபோது, இருப்பதா போவதா என்ற கேள்வி வந்தது. இதற்கும் வரலாற்றில் இரண்டு விடைகளும் உண்டு. எல்சி இங்லிஸ் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் 1914இல் பெண்கள் நடத்தும் மருத்துவமனை ஒன்றைத் தருகிறேன் என்று பிரித்தானியப் போர்த் திணைக்களத்திடம் போனபோது, வீட்டுக்குப் போய்ப் பேசாமல் இருக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். அவர் சேர்பியாவுக்குப் போனார். 1915இன் இறுதியில் சேர்பியப் படை பின்வாங்கியபோது, அவரும் சிலரும் குருஷெவாக்கில் காயக்காரரோடு தங்கிச் சிறைப்பட்டார்கள். அவருடைய அமைப்பின் வேறு தாதியர் பனிமலைகளைக் கடந்து படையோடு நடந்தார்கள். யார் செய்தது சரி என்று எவரும் கேட்பதில்லை. நாங்கள் நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்த அந்த இரவைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்த கை மரத்துப்போனதும் மறுகைக்கு மாற்றியது நினைவிருக்கிறது.

ஆனால் புறப்படுவதற்கு முன் நடந்த ஒன்றை எழுதவேண்டும். எங்கள் சிஸ்டர் றிப்போட் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, வழமையான இரவுக் கையளிப்புப் போலவே எழுதச்சொன்னார். கையளிக்க எதிரே ஆளில்லை. வார்ட்டில் மொத்தம் 41 பேர். உறவினரோடு போனவர்கள் 23. வாகனத்தில் ஏற்றியவர்கள் 17. கூட்டினால் 40. ஜாம் போத்தலைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக நடந்தேன். பதினான்காம் கட்டில் வெறுமையாக இருந்தது. காலில் செல் காயத்தோடு மூன்று கிழமையாகப் படுத்திருந்த முதியவர், எவரோடும் போனதாக ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியே வாகனம் ஹோர்ன் அடித்தது. '14ஆம் கட்டில், விபரம் தெரியாது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். சிஸ்டர் அதை வாசித்து, நேரம் எழுதவில்லை என்று திருப்பித் தந்தார். மாலை 7.40 என்று எழுதினேன். பாங்கா தீவுத் தாதியரின் கணக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், 65, 12, 21, 32 என்று எண்கள் பிசகாமல் கூடிவரும்போது, எனக்கு இந்த 40 நினைவுக்கு வரும்.

அடுத்த ஆண்டு மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பியபோது நாங்களும் திரும்பினோம். பழைய புத்தகங்கள் மழையில் ஊறி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எடுத்தால் பிய்ந்து வந்தன. மை நீலக் கறையாகப் பரவியிருந்தது. புதிய புத்தகம் ஒன்றுக்குக் கோடு கிழித்துத் தொடங்கினோம். சில கிழமைக்குப் பின் ஒரு காலை, கிளினிக் வரிசையில் தடியூன்றி நின்ற ஒருவர், "மிஸ்ஸி, என்னைத் தெரியுதோ? பதினாலு" என்றார். அன்று பிற்பகலே மனைவி சைக்கிளோடு வந்து, எவரிடமும் சொல்லாமல், பின்கதவால் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். சொல்லியிருந்தால் துண்டு எழுதும்வரை காக்கவைப்பார்கள் என்று பயம். பிறகு மாதக்கணக்கில் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில்.

காலைக் காட்டச் சொன்னேன். வேட்டிக் கிழிசலால் கட்டியிருந்தது. அவிழ்த்தேன், துணி பழையது, வெள்ளை மங்கியது, ஆனால் அழுக்கில்லை, மணமில்லை. புண் சிவந்து, விளிம்பு சுருங்கி, மூடிக்கொண்டு வந்திருந்தது. சோறு சமைக்கும் பானையிலேயே துணியை அவித்ததாக மனைவி பக்கத்தில் நின்று சொன்னார். சொல்லிவிட்டு, பையிலிருந்து மாற்றுக்கென்று வைத்திருந்த இன்னோர் உருளையை எடுத்துத் தந்தார். நுனியை உள்ளே மடித்து, பெருவிரலால் அழுத்தி, தளராமல் சுற்றியிருந்தார். மாலைகளில் விறாந்தையில் எங்களோடு இருந்து சுற்றியவர்தான். அதை மேசையில் நிறுத்திப் பார்த்தேன், நின்றது. பிறகு புதிய புத்தகத்தை இழுத்து, அவருடைய பெயரையும் வயதையும் எழுதி, திகதியையும் நேரத்தையும் போட்டேன்.